மட்டை ஏந்திய தோள்கள்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் வழியில் திருப்பாலைவனத்தை அடைந்ததுமே காற்றில் உப்பின் வாடை கலந்து வருவதை உணரலாம். அப்பகுதியின் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றில், நமக்கு நெடுநாள் அறிமுகமான மீனவக் குடும்பம் ஒன்று வாழ்கிறது. 2024-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 27-ஆம் நாள், சனிக்கிழமை மாலை, அவ்வில்லத்தின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். மிக்ஜாம் புயல் வந்து போய் இரண்டு திங்கள்கூட நிறையவில்லை. முற்றத்தில் செப்பனிட வேண்டிய வலைகள் குவிந்து கிடந்தன. உள்ளே பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் டென்னிஸ் ஆட்டம் ஒன்றில் ஆழ்ந்திருந்தனர்.

மெல்போர்ன் நகரில் ஆஸ்திரேலிய ஓப்பன் இரட்டையர் இறுதியாட்டம் அது. குடகு நாட்டைச் சேர்ந்த ரோகன் போப்பண்ணாவும் ஆஸ்திரேலியரான மாத்யூ எப்டனும் ஒருபுறம். இத்தாலியர் இருவர் மறுபுறம். போப்பண்ணாவுக்கு வயது 43 என்று சிறுவன் ஒருவன் கூவினான். அதுவரை வலைக்கண்ணில் விரல் நுழைத்து அறுந்த நூலைத் தேடிக்கொண்டிருந்த வீட்டுப் பெரியவர் தலை நிமிர்ந்தார்.

“நாற்பத்து மூன்றிலா ஆடுகிறார்? என் வலத்தோள் நாற்பதிலேயே ‘இனி என்னை நம்பாதே’ என்று சொல்லிவிட்டதே!” என்று வியந்தவர், சற்று நேரம் ஆட்டத்தை உற்றுப் பார்த்துவிட்டு நம்மிடம் திரும்பி, “ஏன் ஐயா, தனியாக ஆடத் திராணி இல்லாதவர்கள்தாம் இப்படித் துணை சேர்த்துக்கொண்டு ஆடுகிறார்களோ?” என்று வினவினார்.

போப்பண்ணாவும் எப்டனும் வென்றார்கள். இரண்டொரு நாளில் இரட்டையர் தரவரிசையில் போப்பண்ணா உலகின் முதலிடத்தையும் எய்தினார். அந்த வயதில் அவ்விடத்தை முதன்முறையாக எய்தியவர் அவருக்கு முன் எவருமிலர். பெரியவரின் கேள்விக்கோ நாம் அன்று அரைகுறையாகவே விடை சொன்னோம். அது நம் மனத்தில் தங்கிவிட்டது. உண்மையில் இந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் தம் டென்னிஸ் வீரர்களைக் குறித்து உள்ளத்துள் வைத்திருக்கும் கேள்வியும் அதுவே. ஆகையால் முழு விடையையும் இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

முதலில் ஆடுகளத்தின் கணக்கு. டென்னிஸ் களம் 78 அடி நீளம் உடையது. ஒற்றையர் ஆட்டத்திற்கு அதன் அகலம் 27 அடி. இரட்டையருக்கு இருபுறமும் நாலரை அடி கூட்டி 36 அடி. எனவே தனியே ஆடுபவர் 27 அடி அகலத்தை ஒருவராகக் காக்க, இணைந்து ஆடுபவருக்கு ஆளுக்கு 18 அடியே பங்காகிறது. தோளுக்கும் இதே கணக்குத்தான். பந்தை முதலில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கும் ‘சர்வீஸ்’ முறை ஒற்றையரில் ஒன்று விட்டு ஒரு கேமில் வருகிறது. இரட்டையரிலோ நான்கு கேம்களுக்கு ஒருமுறைதான். தலைக்கு மேலே கையை ஓங்கி முழு வலிமையோடு அடிக்கும் அந்த அடியைப் போலத் தோள்மூட்டை வருத்துவது டென்னிசில் வேறொன்றில்லை. மேலும் 2006 முதல் உலகச் சுற்றுப் போட்டிகளில் இரட்டையருக்கு மூன்றாம் செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டை பிரேக்கர் வைத்து ஆட்டத்தையும் குறுக்கிவிட்டனர். விம்பிள்டனில் ஆடவர் இரட்டையர் ஐந்து செட் ஆட்டமாகவே நெடுங்காலம் நீடித்தது. 2023-இல் அதுவும் மூன்றாகக் குறைந்தது.

ஆகவே தேய்ந்த முழங்காலுக்கும் நைந்த தோளுக்கும் இரட்டையர் ஆட்டம் ஒரு புகலிடம் என்பது மெய்யே. ஆனால் அது சோம்பேறிகளின் புகலிடமன்று. நால்வரும் வலையருகே நெருங்கி நிற்கையில் பந்து கண்ணிமைப்பதற்குள் வந்து சேரும். ஓடும் வேலை குறையக் குறையக் கையும் கண்ணும் செய்ய வேண்டிய வேலை ஏறுகிறது. துணைவரின் மனத்தைச் சொல்லாமல் அறியவும் வேண்டும். வலையின் ஒரு முனையைப் பிடித்து நிற்பவர் மறுமுனைக்காரரின் அசைவை நீர்க்கோட்டிலேயே படிக்கிறாரே, அதைப் போன்றது அது.

இந்த இரண்டையும் ஒருவரே ஆடிவந்த காலம் ஒன்று இருந்தது. நம் சென்னையின் டென்னிஸ் வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இராமநாதன் கிருஷ்ணனுக்குத் தந்தை டி.கே. இராமநாதனே ஆசான். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற கிருஷ்ணன், 1960-இலும் 1961-இலும் அங்கே அரையிறுதி வரை சென்றார். 1959-இல் அமெரிக்கரான ஜாக் கிராமர், தொழில்முறை ஆட்டக்காரராகத் தம்மோடு சேர்ந்தால் மூன்றாண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக அழைத்தார். அந்நாளில் அது மலைக்க வைக்கும் தொகை. ஆனால் காசுக்கு ஆடத் தொடங்கினால் விம்பிள்டனிலும் டேவிஸ் கோப்பையிலும் கால் வைக்க முடியாது என்பது அக்காலச் சட்டம். கிருஷ்ணன் மறுத்துவிட்டார். 1962-இல் விம்பிள்டன் குழுவினர் அவரை நான்காம் இடத்தில் வைத்து மதித்தார்கள். நாடே எதிர்பார்த்திருந்த அந்த ஆண்டில்தான் கணுக்காலில் ஏற்பட்ட காயம் அவரை ஆட்டத்தின் நடுவே விலகச் செய்தது. அதன்பின் அவர் அந்த அரையிறுதியை எட்டவே இல்லை. ஒரு கணுக்கால், ஒரு பிற்பகல், அவ்வளவே.

ஆயினும் கிருஷ்ணனின் பெயரை மூத்தோர் இன்னும் சொல்லி மகிழ்வது 1966-ஐக் கொண்டு. கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோக்கிடம் இரண்டு செட்டுகளை இழந்து, நான்காம் செட்டிலும் 2-5 எனப் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றார். மெல்போர்னில் நடந்த அவ்விறுதியில் ஆஸ்திரேலியா 4-1 என வென்றது. நமக்குக் கிடைத்த அந்த ஒற்றை வெற்றி எதில் என்று பாருங்கள்: இரட்டையரில்! கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து ஜான் நியூகோம்ப், டோனி ரோச் என்னும் பெரும் இணையை வீழ்த்தினார்கள். நம் பெரியவரின் கேள்விக்கு அன்றைய மெல்போர்ன் மைதானமே ஒரு விடை சொல்லியிருக்கிறது.

அடுத்து வருவது ஒரு குடும்பத்தின் கதை. குடும்பங்களுக்கான இவ்விதழில் இதனைச் சற்று விரித்துச் சொல்வது தகும் என்று எண்ணுகிறோம்.

சென்னையில் இராபர்ட் அமிர்தராஜ், மார்கரெட் அமிர்தராஜ் என்னும் கத்தோலிக்கத் தம்பதியருக்கு ஆனந்த், விஜய், அசோக் என மூன்று புதல்வர். நடுவர் விஜய் குழந்தைப் பருவத்தில் நுரையீரல் நோயால் வருந்தினார். மருத்துவமனையில் கிடந்த நாட்கள் பல. எழும்பூர் டான் பாஸ்கோ பள்ளியில் மகனின் பாடம் விட்டுப்போகக் கூடாதென்று அன்னையே வகுப்புக்குச் சென்று அமர்ந்து, குறிப்பெடுத்து வந்து, நோய்ப்படுக்கையில் இருந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார். அதே அம்மையார் அட்டைப்பெட்டி செய்யும் தொழிலையும் நடத்தினார். திறந்தவெளியில் ஓடியாடினால் மார்பு வலுப்பெறும் என்ற மருத்துவ ஆலோசனையினால்தான் அச்சிறுவன் கையில் டென்னிஸ் மட்டை வந்தது. விளையாட்டு அங்கே புகழுக்காகத் தொடங்கவில்லை, மூச்சுக்காகத் தொடங்கிற்று.

அந்தச் சிறுவனே 1973-இல், பத்தொன்பது வயதில், விம்பிள்டன் காலிறுதியில் யான் கோடெஷை ஐந்தாம் செட் வரை இழுத்துச் சென்று, அதனை 5-7 என இழந்தார். அவ்வாண்டு பட்டம் பெற்றவர் அந்தக் கோடெஷ்தான். சில வாரங்களுக்குப் பின் அமெரிக்க ஓப்பனில் ராட் லேவரையே தோற்கடித்தார். உடனே உலகப் பத்திரிகைகள் டென்னிசின் எதிர்காலத்துக்கு ஓர் அரிச்சுவடி எழுதின. ஆங்கில நெடுங்கணக்கின் முதல் மூன்று எழுத்துகளுக்கு அமிர்தராஜ், போர்க், கானர்ஸ்.

இத்தகைய புகழுரைகள் ஓர் இளைஞனுக்குச் செய்யும் தீங்கை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. போர்க் பின்னாளில் 11 பெரும் பட்டங்களையும் கானர்ஸ் 8 பட்டங்களையும் ஒற்றையரில் வென்றனர். விஜய் ஒன்றும் வெல்லவில்லை. உலகத் தரவரிசையில் 18-ஆம் இடம் வரை சென்றார். 1979-இல் விம்பிள்டனில் போர்க்கையே வீழ்த்தும் நிலைக்கு வந்து ஐந்து செட்டில் தோற்றார். 1981 காலிறுதியில் கானர்சுக்கு எதிராக முதல் இரண்டு செட்டுகளை வென்றும் பின் மூன்றையும் இழந்தார். ‘உடல் தாங்கவில்லை, மனம் தாங்கவில்லை’ என்று தேநீர்க் கடைகளிலும் கிளப்புகளிலும் தீர்ப்பு வழங்கியோர் எத்தனை பேர்! நோயுற்ற மார்போடு தொடங்கிய ஒருவர் ஐந்தாம் செட் வரை நின்றதே ஒரு வெற்றி என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? நாமும் அந்நாளில் அப்படிப் பேசியவர்களுள் ஒருவர்தாம் என்பதை மறைப்பதற்கில்லை.

1974 மே மாதம் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான டேவிஸ் கோப்பைப் போட்டியை இங்கே குறிப்பிடாமல் கடக்க இயலாது. அக்காலத்தில் டை பிரேக்கர் அங்கே இல்லை. இரண்டு கேம் இடைவெளி விழும்வரை செட் நீண்டுகொண்டே போகும். அண்ணன் ஆனந்தும் தம்பி விஜயும் இரட்டையரில் ஜான் அலெக்சாண்டர், காலின் டிப்ளி இணையை எதிர்த்து ஆடிய ஆட்டம் 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. கூட்டிப் பார்த்தால் 99 கேம்கள்! வங்கத்து மே மாத வெயில். விஜய்க்கு அந்த மூன்று நாட்களில் ஒற்றையர் ஆட்டங்களும் இருந்தன. ஐந்து ஆட்டங்களிலும் சேர்த்து 327 கேம்கள் ஆடப்பட, இந்தியா 3-2 என வென்றது. ஒற்றையரையும் இரட்டையரையும் ஒருங்கே சுமப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அவ்வாண்டு இறுதியில் எதிரணியாக வந்தது தென்னாப்பிரிக்கா. நிறவெறி ஆட்சியோடு விளையாட்டுத் தொடர்பும் கூடாது என்று இந்தியா ஆட மறுத்தது. கோப்பை ஆடாமலே தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. அம்முடிவு அறத்தின்பாற்பட்டது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அந்த அறத்தின் விலையைச் செலுத்தியவர்கள் அந்தச் சில இளைஞர்களே. அதே உடன்பிறந்தார் இருவரும் 13 ஆண்டுகளுக்குப் பிறகு, கிருஷ்ணனின் மகன் ரமேஷ் கிருஷ்ணனோடு சேர்ந்து, 1987-இல் மீண்டும் ஓர் இறுதிப் போட்டிக்கு நாட்டைக் கொண்டுசென்றார்கள். சுவீடனில் 0-5 எனத் தோற்றுத் திரும்பினார்கள்.

இதற்கிடையே 1985-இல், பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவோடு அமிர்தராஜ் குடும்பத்தார் சென்னையில் ஒரு டென்னிஸ் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். பல ஊர்ச் சிறுவர்கள் அங்கே தங்கிப் பயின்றனர். கல்கத்தாவிலிருந்து பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்த ஒருவரை எல்லாரும் அறிவோம்: லியாண்டர் பயஸ். தந்தை 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஹாக்கி வெண்கலம் பெற்றவர். தாய் கூடைப்பந்து வீராங்கனை.

1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அகாசியோடு ஆடிய அரையிறுதியில் பயசின் மணிக்கட்டு காயமுற்றது. கட்டுப் போட்ட கையோடு பிரேசில் வீரர் மெலிஜெனியை எதிர்த்து, முதல் செட்டை இழந்தும் வென்று, வெண்கலம் பெற்றார். 1952-க்குப் பின் தனிநபர் போட்டியில் இந்தியா கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அது, அதுவும் ஒற்றையரில். 1998-இல் அவர் பீட் சாம்ப்ராசையும் வீழ்த்தினார். ஆயினும் ஒற்றையர் தரவரிசையில் 73-ஆம் இடமே அவர் எட்டிய உச்சம். சில நாட்கள் மலையைப் புரட்டிய கை, ஆண்டு முழுவதும் வாரந்தோறும் அதனைச் செய்ய இயலவில்லை. இரட்டையரில் அவர் பெற்ற பெரும் பட்டங்களோ, கலப்பு இரட்டையரையும் சேர்த்து 18.

அவருக்கும் சென்னையில் பிறந்த மகேஷ் பூபதிக்கும் உலகச் சுற்றில் முதல் பட்டம் கிடைத்த இடம் நம் நுங்கம்பாக்கம் அரங்கு, 1997-இல். 1999-இல் இவ்விருவரும் நான்கு பெரும் போட்டிகளிலும் இறுதியை எட்டி, பாரிசிலும் விம்பிள்டனிலும் வென்றனர். அதன்பின் பிரிந்தனர், கூடினர், மீண்டும் பிரிந்தனர். 2011-இல் நுங்கம்பாக்கத்திலேயே மறுபடி சேர்ந்து பட்டம் வென்றபோது அரங்கே எழுந்து நின்றது. மறு ஆண்டே லண்டன் ஒலிம்பிக்குக்கு யார் யாரோடு ஆடுவது என்ற வழக்கு நாடறிந்த சண்டையாயிற்று. பூபதியும் போப்பண்ணாவும் பயசோடு ஆட மறுத்தனர். சமாதானத்தின் பொருட்டுச் சானியா மிர்சா பயசுக்குக் கலப்பு இரட்டையர் துணையாக ஒதுக்கப்பட்டார். தம்மை ஒரு தூண்டில் இரையாகப் பயன்படுத்தினர் என்று சானியா வெளிப்படையாகவே எழுதி வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது. இருவர் மனம் ஒப்பாதபோது அவர்களை ஒரே வலையில் கட்டிப் போடுவதால் மீன் வராது என்பதை ஏரிக்கரையில் எவரும் சொல்லியிருப்பார்கள்.

பயசின் வாழ்வில் 2003-ஐ நாம் மறக்கலாகாது. அவ்வாண்டு மார்ட்டினா நவ்ரத்திலோவாவோடு இரண்டு பெரும் பட்டங்கள் வென்றவர், கடுந்தலைவலியோடு அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டியோ என்று அஞ்சினர். பின்னரே அது ஒட்டுண்ணியால் வந்த நோய் என்று தெரிந்து, மருந்தால் குணமாயிற்று. அந்நாட்களில் அவரைக் குறித்து அச்சேறிய ஊகங்களை எண்ணும்போது, நோயைவிட ஊகம் கொடியது என்று தோன்றுகிறது.

பெண்களின் நிலை இதனினும் கடினம். கோவையைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன், தந்தையிடமே பயின்று, 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்றார். திறந்த டென்னிஸ் காலத்தில் ஒரு பெரும் போட்டியின் பிரதானச் சுற்றில் ஓர் இந்தியப் பெண் பெற்ற முதல் வெற்றி அது. எத்தனை இல்லங்களில் அவர் பெயர் தெரியும்? சானியாவுக்கோ நேர்மாறான துன்பம்: எல்லா இல்லங்களிலும் அவர் பெயர் தெரியும், எல்லாருக்கும் அவரைப் பற்றி ஒரு கருத்தும் உண்டு. 2005-இல் அவர் உடையைக் குறித்துச் சமய அறிஞர் சிலர் ஆணை பிறப்பித்தனர். கால் தேசியக்கொடியருகே இருந்தது என்று ஒரு நிழற்படத்தைக் காட்டி வழக்குத் தொடுத்தனர். சொந்த நாட்டில் ஆடும்போதெல்லாம் ஏதேனும் சர்ச்சை எழுகிறதென்று 2008-இல் பெங்களூர்ப் போட்டியிலிருந்தே அவர் ஒதுங்கினார். அதே ஆண்டு மணிக்கட்டில் அறுவை மருத்துவம். 2007-இல் ஒற்றையரில் 27-ஆம் இடம் வரை சென்றவர் 2013-இல் ஒற்றையரை முற்றும் கைவிட்டார். ‘இனி இவர் கதை முடிந்தது’ என்றவர்கள் இரண்டே ஆண்டில், 2015 ஏப்ரலில், இரட்டையர் தரவரிசையின் முதலிடத்தில் அவர் பெயரைக் கண்டார்கள்.

பிறர் பார்வையின் சுமை நம் நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. 2021-இல் ஜப்பானிய வீராங்கனை நவோமி ஒசாகா, தோற்ற மறுகணமே செய்தியாளர் முன் அமர்ந்து அதே கேள்விகளுக்கு விடையளிப்பது மனத்தை நோகடிக்கிறது என்று பாரிசில் அதனைத் தவிர்த்தார். 15,000 டாலர் அபராதம் விதித்தனர். அவர் போட்டியையே விட்டு விலகினார். கோடிக்கணக்கில் ஈட்டுபவருக்கு இதைத் தாங்கினால் என்ன என்று கேட்டோர் உண்டு. காயம் தோலுக்கு வெளியே தெரிந்தால்தான் நம்புவோம் என்பது நம் பழைய பழக்கம்.

உடற்காயத்தின் கதையைச் சொல்லச் சென்னையின் பிரஜ்னேஷ் குணேஸ்வரனைவிடப் பொருத்தமானவர் இல்லை. இடக்கை ஆட்டக்காரர்; 1989-இல் பிறந்தவர். முழங்கால் எலும்பில் மீண்டும் மீண்டும் ஏற்பட்ட நுண்முறிவுகள் இளமையின் செழுமையான ஆண்டுகளில் அவரைக் களத்துக்கு வெளியே உட்கார வைத்தன. தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களின் கணக்கு. ஆடாதவனின் பெயர் அதிலிருந்து தானே கரைந்துவிடும். ஆறு மாதத்துக்கு மேல் காயத்தால் ஆடாதவருக்குப் பழைய இடத்தை வைத்துச் சில போட்டிகளில் நுழையச் சலுகை உண்டுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் விலகியவருக்கு அது எத்தனை நாள் உதவும்? பிரஜ்னேஷ் அடிமட்டப் போட்டிகளிலிருந்து மறுபடியும் ஏறினார். 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம். 2019 ஏப்ரலில், இருபத்தொன்பது வயதில், உலகின் 75-ஆம் இடம். அவ்வாண்டு நான்கு பெரும் போட்டிகளிலும் பிரதானச் சுற்றில் ஆடினார். நான்கிலும் முதல் சுற்றிலேயே தோற்றார்.

பத்திரிகையில் அது ஒரு வரிச் செய்தி: ‘பிரஜ்னேஷ் மீண்டும் தோல்வி.’ அந்த நான்கு களங்களில் கால் வைக்கும் உரிமைக்காக அவர் நடந்த தூரத்தை அவ்வரியில் எழுத இடமில்லை. 2024 நவம்பரில் அவர் ஓய்வு பெற்றார்.

இவ்வாறு ஒற்றையரும் இரட்டையரும் இரு வேறு தொழில்களாகப் பிரிந்ததற்குக் காரணம், ஒற்றையர் ஆட்டம் உடலிடம் கேட்கும் விலை ஏறியதே. ஜான் மெக்கன்ரோ இரண்டிலும் உலக முதல்வராக இருந்தார். அத்தகையோர் இன்று அரியர். 2008 சென்னை ஓப்பனில் நம்மவர் கண்ணால் கண்டது ஒன்று. ரஃபேல் நடால் அரையிறுதியில் கார்லோஸ் மோயாவோடு ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆடி வென்றார். மறுநாள் இறுதியில் மிகைல் யூஸ்னியிடம் 0-6, 1-6. உலகின் உறுதி மிக்க கால்கள் ஓரிரவில் மரத்துப்போயின. இளமையின் உச்சத்தில் இருந்த நடாலுக்கே இக்கதி என்றால், முப்பதைத் தாண்டியவர் காலையில் ஒற்றையரும் மாலையில் இரட்டையரும் ஆடுவது எங்ஙனம்?

பணத்தின் பக்கத்தையும் பார்த்துவிடுவோம். 2024 விம்பிள்டனில் ஒற்றையர் பட்டம் வென்றவருக்கு 27 லட்சம் பவுன். இரட்டையர் பட்டம் வென்ற இருவருக்கும் சேர்த்து 6,50,000 பவுன். டென்னிஸ் வீரருக்கு மாதச் சம்பளம் கிடையாது. பயிற்றுநர், விமானம், தங்கும் விடுதி, உடம்பு பிடித்துவிடுபவர் அனைவருக்கும் தம் கைப்பணம் கொடுக்க வேண்டும். தோற்ற வாரத்திலும் அச்செலவு குறையாது. எனவே ஒற்றையரைவிட்டு இரட்டையருக்குச் செல்வது சுகத்தை நாடிச் செல்வதன்று. குறைந்த கூலிக்கு, நீண்ட நாள் உழைக்கச் செல்வது. சென்னையின் இராம்குமார் இராமநாதன் 2018-இல் நியூபோர்ட்டில் ஒற்றையர் இறுதி வரை சென்றவர்; ஆனால் உலகச் சுற்றில் பட்டங்கள் கிடைத்தது 2022-இல் போப்பண்ணாவோடு இரட்டையரில்தான். ஜீவன் நெடுஞ்செழியனும் விஜய் சுந்தர் பிரசாந்தும் 2024-இல் சீனத்தின் ஹாங்சௌ நகரில் இரட்டையர் பட்டம் வென்றார்கள். அது நம் ஊரில் எத்தனை பேர் செவியில் விழுந்தது?

போப்பண்ணாவோ முழங்கால்களில் குருத்தெலும்பு தேய்ந்துபோன நிலையில் ஆடியவர். ஒரு காலத்தில் வலிமாத்திரைகளே துணையாக இருந்தன. பிறகு ஐயங்கார் முறை யோகப் பயிற்சியால் காலை மீட்டுக்கொண்டார். 2021-இல் மாதக்கணக்கில் ஒரு வெற்றியும் இன்றி, ‘வீட்டில் மனைவி மக்களை விட்டு இங்கே என்ன செய்கிறோம், விட்டுவிடலாமா’ என்று கடலைப் பார்த்தபடி எண்ணியதாக அவரே கூறியிருக்கிறார். 2025 நவம்பரில், நாற்பத்தைந்து வயதில், அவர் ஓய்வை அறிவித்தார்.

அச்செய்தி வந்தபின் ஒருநாள் மீண்டும் அந்த ஏரிக்கரை வீட்டுக்குச் சென்றிருந்தோம். பெரியவருக்கு அந்த நாற்பத்து மூன்று வயதுக்காரரை நினைவிருந்தது. நாம் மேலே எழுதியவற்றுள் சிலவற்றை அவருக்கு எடுத்துரைத்தோம். பொறுமையோடு கேட்டவர், எல்லாம் முடிந்தபின் ஒன்றே ஒன்று கேட்டார்.

“காயப்பட்டு வீட்டில் கிடக்கும் நாளில் அவர்களுக்குப் பங்கு உண்டா, ஐயா?”

ஆடவர் டென்னிஸ் சங்கத்தார் 2024 முதல் ஒரு திட்டம் கொண்டுவந்திருப்பதைச் சொன்னோம். தொடங்கிய 2024-ஆம் ஆண்டில் தரவரிசையின் முதல் நூறு பேருக்கு 3 லட்சம் டாலர், அடுத்த நிலைகளில் இருந்தோருக்கு 1,50,000, 75,000 என 250-ஆம் இடம் வரை குறைந்தபட்ச வருவாய்க்கு உறுதி தரப்பட்டது. காயத்தால் ஆடாதவருக்கும் அதில் ஒரு தொகை.

“எல்லாருக்குமா?”

“இல்லை. ஒற்றையர் தரவரிசையில் இருப்போருக்கு மட்டும்.”

“அப்படியானால் சேர்ந்து ஆடுகிறவர்களுக்கு?”

நாம் இல்லை என்று தலையசைத்தோம். பெரியவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பொழுது சாயும் நேரமாகிவிட்டது. வலப்பக்கத் தோளை இடக்கையால் ஒருமுறை அழுத்திவிட்டுக்கொண்டு எழுந்தவர், உள்ளே இருந்த மகனைப் பெயர் சொல்லி அழைத்து, வலையின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னார்.